அப்ராரைத் தூக்கணும்!

"அப்ராரைத் தூக்கணும். வேற வழியே இல்ல!"

பெரியநாயகம் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தபோது, ஷாலினி வெளியே வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா ரவை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடைக்குள் ஒரே கூட்டம். ஆனால் யாரும் எதையும் வாங்குவதாகத் தெரியவில்லை.

தாராவியில் ஒற்றை அறை வீடுகள் எதிரும் புதிருமாக நிற்கும் ஒரு சந்துக்கு வேம்படிச் சால் என்று பெயர். வேப்பமரம் எப்போதோ போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது ஒரு கால்பந்துக் குழு. வேம்படி யுனைடெட்! பெயர் வைத்தவர் அண்ணாச்சி. சட்டை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதனால் சட்டையின் முதுகில் வீரரின் எண் சின்னதாகவும், அவருடைய கடைப் பெயர் பெரிதாகவும் இருக்கும்.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டியில் அந்தக் குழு முதன்முதலாக இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செம்பூர் காலனிக் குழுவோடு மோத வேண்டும். சால் முழுக்க வேறு பேச்சே இல்லை.

"பத்ரா கலிப் பையன்தானே அந்த அப்ரார்? அவன் ஏன் நம்ம பக்கம் வாரான்?" என்று கேட்டாள் முருகம்மாள் அக்கா. காலையில் இட்லி விற்று முடித்த பாத்திரம் இன்னும் அவள் இடுப்பில் இருந்தது.

பத்ரா கலி என்பது தகரக் கூரைகள் நிறைந்த பக்கத்துச் சந்து.

"அவன் டீம்தான் செம்பூர்க்காரன்கிட்ட தோத்துப் போச்சே. இப்ப சும்மாத்தான் இருக்கான்," என்றார் அண்ணாச்சி. "பைனலுக்கு முன்னால ஒரு புது ஆளைச் சேத்துக்கலாம்னு ரூல் இருக்கு. என்னமா பந்தைப் பிடிக்கான்! கையில பசை தடவுன மாதிரில்லா ஒட்டுது!"

"டீவியில பாக்கலியா அக்கா? பெரிய கிளப்பெல்லாம் இப்படித்தான் ஆளைத் தூக்குது," என்றார் தையல் கடை மாரீஸ்வரன்.

"அவங்க பிளேன் அனுப்பித் தூக்குதாங்க. நீங்க என்னத்த அனுப்பப் போறிய?"

"புது ஷூ வாங்கிக் குடுப்பேன்," என்றார் அண்ணாச்சி.

"நம்ம ஷாலினி பிள்ள பிஞ்ச ஷூவோட நிக்கா. அது உங்க கண்ணுக்குத் தெரியலையாக்கும்!"

ஷாலினிக்குத் திக்கென்றது. கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். வேம்படி யுனைடெட்டின் கோல்கீப்பர் அவள்தான்.

"ஷாலினி நல்ல பிள்ளதான். ஆனா அரையிறுதியில பாத்தியல்லா? உருண்டு வந்த பந்து, ரெண்டு காலுக்கும் நடுவுல போவுது. மூணு கோல் அடிச்சதால பொழச்சோம்," என்றார் மாரீஸ்வரன்.

"ஒரு பந்து விட்டா ஆளையே மாத்திருவியளோ? நீரு போன வாரம் எனக்கு ஒரு கையை நீளமா தச்சுக் குடுத்தேரு. உம்மை மாத்துனோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷாலினிக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையின் ஓரமாக எட்டிப் பார்த்தாள். அரிசி மூட்டை மேல் இசக்கிராஜ் உட்கார்ந்திருந்தான். அவன்தான் குழுவின் தலைவன். முதல் வகுப்பிலிருந்து அவளோடு பள்ளிக்கூடம் போகிறவன். அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள்.

அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். 

ஷாலினி வந்த வழியே திரும்பிவிட்டாள்.

"ரவை எங்கட்டி?" என்றாள் அம்மா.

"மறந்துட்டேன்."

"ரவை வாங்கப் போய் ரவையை மறந்துட்டியா?" அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவின் கைப்பேசி விடாமல் சிணுங்கியது. சாலின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ வாக்கெடுப்பு வைத்திருந்தார்கள். 'ஞாயிற்றுக்கிழமை கீப்பர் யார்?' மேலே அப்ரார். கீழே ஷாலினி. இரண்டு பச்சைக் கோடுகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வளர்ந்தன.

"நான் உனக்குப் போட்டுட்டேன்," என்றாள் அம்மா பெருமையாக.

ஷாலினி எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீ அப்ராருக்குல்லா போட்டிருக்க!"

"அய்யய்யோ! மேல உள்ளது நீதான்னு நெனச்சு அமுக்கிட்டேனே. இதை எப்படி மாத்த?"

மாற்றுவதற்கு இருவரும் என்னென்னவோ அமுக்கினார்கள். கடைசியில் அம்மாவின் ஓட்டோடு ஒரு சிரிப்புப் பொம்மையும் குழுவுக்குப் போய்விட்டது. ஷாலினி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு இசக்கிராஜ் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான். இடைவேளையில் ஷாலினி அவனைத் தண்ணீர்க் குழாய் பக்கம் மடக்கினாள்.

"என்னை எடுத்துருவியளா?"

"இன்னும் முடிவாகல்ல."

"நீதானே கேப்டன். நீ என்ன நெனக்க?"

இசக்கிராஜ் குழாயைத் திறந்தான், மூடினான். "நாளைக்குச் சாயங்காலம் அப்ரார் வாரான். அண்ணாச்சி ஆட வச்சுப் பாக்கணும்கிறாரு. பாத்துட்டுச் சொல்லலாம்னு..."

மணி அடித்தது. அவன் ஓடிவிட்டான்.

அதற்குள் சால் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தையல் கடையில் எல்லோரும் அப்ரார் கட்சி. முருகம்மாள் அக்கா ஷாலினி கட்சி. வெள்ளிக்கிழமை காலை மாரீஸ்வரனுக்கு இட்லி கொடுத்தாள், சட்னி கொடுக்கவில்லை. "சட்னி ஷாலினி ஆளுங்களுக்கு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டாள். அவர் வெறும் இட்லியை விழுங்க முடியாமல் விழுங்கினார்.

வெள்ளிக்கிழமை மாலை. சந்தின் கோடியில் டெம்போக்கள் நிற்கும் இடத்தைக் காலி செய்து, இரண்டு பெயின்ட் டப்பாக்களை வைத்துக் கோல் போட்டிருந்தார்கள். மாடிப் படிகளில், தகர ஷெட்டின் மேல், ஜன்னல் கம்பிகளில் எங்கு பார்த்தாலும் தலைகள்.

அப்ரார் வந்தான். ஒல்லியான பையன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டப்பாக்களுக்கு நடுவே போய் நின்றான்.

ஷாலினி சுவரோடு சாய்ந்து நின்றாள். அவன் எல்லாப் பந்தையும் விட வேண்டும் என்று அவள் மனசு கேட்டது. அப்படிக் கேட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

இசக்கிராஜ் முதல் பந்தை மெதுவாக உதைத்தான். அப்ரார் பிடித்துவிட்டான். அண்ணாச்சி கை தட்டினார்.

இரண்டாவது பந்து அவன் கையில் பட்டு நழுவியது. மூன்றாவது பந்தை ஒரு கையால் தட்டப் பார்த்தான். அது உள்ளே போய்விட்டது.

"இவனையா தூக்கணும்னிய? கையில பசைன்னியளே, காஞ்சு போச்சா?" முருகம்மாள் அக்கா கேட்டதும் அவள் கட்சிக்காரர்கள் ஊளையிட்டார்கள்.

"எலேய், ஒழுங்கா பிடி!" என்று கத்தினார் மாரீஸ்வரன். நேற்று வரை அப்ராரைப் புகழ்ந்தவர் அவர்தான்.

ஷாலினி ஒரு நொடி சந்தோஷப்பட்டாள். அடுத்த நொடி அவள் கண்ணில் அது பட்டது. அப்ராரின் இடது கைச் சட்டை விரல் நுனி வரை இறங்கியிருந்தது. அந்தக் கையை அவன் உடம்போடு ஒட்டி வைத்திருந்தான். பந்து வரும்போதெல்லாம் வலது கை மட்டும்தான் முன்னே போனது.

'இடது கைக்கு என்ன?'

இசக்கிராஜ் நாலு எட்டு பின்னால் போனான். இந்த முறை பலமாக உதைக்கப் போகிறான். அப்ரார் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினான். அவன் கண்கள் ஏற்கெனவே பாதி மூடியிருந்தன.

"நில்லு!"

ஷாலினி ஓடிப்போய் அப்ராருக்கு முன்னால் நின்றாள்.

"ஏட்டி, தள்ளு! உனக்குப் பொறாமையா?" என்று படியிலிருந்து யாரோ கத்தினார்கள். சிரிப்பு கிளம்பியது. அவள் காது மடல் சூடானது. ஆனாலும் நகரவில்லை. அப்ராரிடம் திரும்பி இந்தியில் மெதுவாகக் கேட்டாள்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்ல."

"நானும் கீப்பர்தான். காட்டு."

அவன் தயங்கித் தயங்கிச் சட்டையை மேலே இழுத்தான். மோதிர விரல் கத்திரிக்காய் போல் நீலமாக வீங்கியிருந்தது.

"எப்போ ஆச்சு?"

"செம்பூர்க்காரங்களோட ஆடும்போது. ரெண்டாவது கோல் விழறதுக்கு முன்னாடி."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா சாக்குச் சொல்றான்னு சொல்லுவாங்க. என்னாலதான் தோத்தோமாம். அதுக்கப்புறம் எங்க கலியில யாரும் என்கூடப் பேசறதில்ல. விளையாடக் கூப்பிடறதும் இல்ல." அவன் குரல் இறங்கியது. "இங்க கூப்பிட்டாங்க. விளையாடலாமேன்னு வந்தேன்."

"ஷூவுக்காக இல்லையா?"

"எந்த ஷூ?"

அவனைக் கூப்பிட்டதைத் தவிர யாரும் அவனிடம் எதையும் சொல்லவே இல்லை என்பது ஷாலினிக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு நாளாக ஊரே அவனைப் பற்றிப் பேசியது. அவனோடு உட்கார்ந்து பேசியவர் ஒருவரும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சந்தின் வாயிலில் சத்தம் கேட்டது. பத்ரா கலிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவன் அவர்களுடைய கேப்டன் ஜமால்.

"கத்தார்! துரோகி!" என்று அப்ராரைப் பார்த்துக் கத்தினான் ஜமால். "எங்க கலியில இருந்துக்கிட்டு இவங்களுக்கு ஆடுவியா?"

"அவனை நாங்க கூப்பிட்டிருக்கோம். நீ போலே!" என்று இசக்கிராஜ் பாய்ந்தான்.

"அவன் எங்க ஆள்!"

"இப்ப எங்க ஆள்!"

ஜமால் தள்ளினான். இசக்கிராஜும் தள்ளினான். ஒரு செருப்பு பறந்து போய்த் தகரத்தில் மோதி டமார் என்று விழுந்தது. பெரியவர்கள் படியிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். அப்ரார் சுவரோரமாகப் பின்வாங்கினான்.

"நான் சொல்லட்டுமா?" என்று அவனிடம் கேட்டாள் ஷாலினி.

அப்ரார் தரையைப் பார்த்தான். பிறகு சரி என்று தலையை ஆட்டினான்.

ஷாலினி பெயின்ட் டப்பாவின் மேல் ஏறி நின்றாள். பந்து வரும்போது கோலிலிருந்து அணியினரைக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில் கத்தினாள்.

"ஜமால்! இவன் உங்க ஆள்தானே? இவன் கை வீங்கியிருக்கு. எத்தனை நாளா வீங்கியிருக்குன்னு சொல்லு பாப்போம்!"

ஜமால் திரும்பினான். அவன் கண் அப்ராரின் கையைத் தேடியது.

"அண்ணாச்சி! நீங்கதானே கூப்பிட்டிய? வந்தவன் கையை ஒருத்தராவது பாத்தியளா?"

தள்ளுமுள்ளு அப்படியே நின்றுவிட்டது. டப்பா கொஞ்சம் ஆடியது. ஷாலினி விழாமல் சமாளித்துக்கொண்டு கீழே குதித்தாள்.

ஜமால் மெல்ல நடந்து வந்து அப்ராரின் விரலைப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"அரே அப்ரார்... மேட்ச்லயா? அந்தக் கையோடவா கடைசி வரைக்கும் நின்ன? ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வெளிய வந்ததும் திட்டத்தானே ஆரம்பிச்ச," என்றான் அப்ரார். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது.

அண்ணாச்சி கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஐஸ் கொண்டாங்கலே! ஓடுங்க!" ஐஸ் வந்தது. முருகம்மாள் அக்கா தன் சேலைத் தலைப்பில் அதைச் சுற்றி அவன் விரலில் ஒற்றினாள். பிறகு அவள் அப்ராரையும் ஜமாலையும் கூட்டிக்கொண்டு பக்கத்து டாக்டரிடம் போனாள். விரல் எலும்பில் லேசான விரிசல். கட்டுப் போட்டு அனுப்பினார் டாக்டர்.

அவர்கள் திரும்பி வரும்வரை யாரும் கலையவில்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"அப்ப... ஞாயித்துக்கிழமை கீப்பர் யாரு?"

எல்லோரும் இசக்கிராஜைப் பார்த்தார்கள். அவன் நகத்தைக் கடிக்கப் போனான். பாதியில் கையை இறக்கிவிட்டான்.

"ஷாலினிதான். நல்லா பிடிச்சாலும் விட்டாலும் ஷாலினிதான்."

"இதை அன்னைக்கே கடையில சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் ஷாலினி.

அவன் திடுக்கிட்டான். "நீ... கேட்டியா? சொல்லியிருக்கணும். அண்ணாச்சி கோவிச்சுக்குவாரோன்னு பயந்துட்டேன். மன்னிச்சிரு."

"எனக்குக் கோவம் போக ரெண்டு நாள் ஆகும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிரும்லா?" என்று அவன் கவலையோடு கேட்டான்.

"பாப்போம்," என்றாள் ஷாலினி. பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள். "ஒரு புது ஆளைச் சேக்கலாம்னியளே. அப்ரார் பேரையே குடுங்க."

"அடிபட்டவனையா?"

"அவன் பெஞ்சுல உக்காரட்டும். செம்பூர்க்காரங்க அடிச்ச பந்தை நேருக்கு நேரா பாத்த கீப்பர் வேற யாரு இருக்கா?"

"அவன் எங்க ஆள்," என்று முணுமுணுத்தான் ஜமால்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான். திங்கக்கிழமை கூட்டிட்டுப் போ. அவன்கூட விளையாடணும், அதுதான் கண்டிஷன்."

ஜமால் அப்ராரைப் பார்த்தான். அப்ரார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சிரித்தான்.

"இதுக்குப் பேரு லோன்!" என்று குதித்தார் மாரீஸ்வரன். "டீவியில சொல்லுவான்லா? ஒரு கிளப்பு இன்னொரு கிளப்புக்கு ஆளைக் கடனாக் குடுக்கும்!"

சனிக்கிழமை முழுக்க அப்ரார் ஷாலினியோடு இருந்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, செம்பூர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சொன்னான். "ஏழாம் எண்தான் ஆபத்து. பெனால்ட்டி அவன்தான் அடிப்பான். ஒரு பக்கம் பார்ப்பான், எதிர்ப்பக்கம் அடிப்பான். நான் ஏமாந்தது அதுலதான்."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. செம்பூர்க்காரர்கள் பளபளக்கும் மஞ்சள் சட்டையில் வந்தார்கள். அவர்களுக்குக் கோச் இருந்தார். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கத் தனியாக ஒருவர்கூட இருந்தார்.

முதல் பாதியில் பந்து ஷாலினியைத் தேடித் தேடி வந்தது. வயிற்றில் வாங்கினாள். முட்டியில் தடுத்தாள். ஒரு பந்து கம்பத்தில் பட்டு அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் சாலின் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒரேயடியாக விட்டார்கள்.

இரண்டாம் பாதியில் இசக்கிராஜ் ஒரு கோல் போட்டான். அண்ணாச்சி பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிச் சுற்றினார்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. வேம்படி வீரன் ஒருவனின் கையில் பந்து பட்டுவிட்டது. நடுவர் விசிலை ஊதிப் புள்ளியைக் காட்டினார். பெனால்ட்டி!

ஏழாம் எண் பந்தைப் புள்ளியில் வைத்தான்.

சாலின் சத்தம் சட்டென்று அடங்கியது. ஷாலினி கோட்டின் மேல் போய் நின்றாள். கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. அரையிறுதியில் காலுக்கு நடுவே உருண்டு போன அந்தப் பந்து ஒரு தடவை மனதில் வந்து போனது.

ஏழாம் எண் நிமிர்ந்தான். அவன் பார்வை கோலுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அப்ராரின் மேல் விழுந்தது. அடையாளம் கண்டுகொண்டான். உதட்டோரம் லேசாகச் சிரித்தான்.

பிறகு ஷாலினிக்கு இடது பக்கம் பார்த்தான்.

'எதிர்ப்பக்கம் அடிப்பான். வலது பக்கம்,' என்று நினைத்தாள் ஷாலினி. உடனே இன்னொன்று தோன்றியது. 'ஏன் சிரித்தான்?'

விசில் ஒலித்தது. அவன் ஓடி வந்தான்.

ஷாலினி இடது பக்கம் பாய்ந்தாள்.

பந்தும் இடது பக்கம்தான் வந்தது! விரல் நுனியில் பட்டது. கம்பத்தில் மோதியது. கோட்டின் மேலேயே உருண்டது. அவள் முழங்காலால் தவழ்ந்து போய் அதன் மேல் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. இசக்கிராஜ் அவள் மேல் விழுந்தான். கடைசி விசில் எப்போது ஒலித்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அம்மா மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டாள். முருகம்மாள் அக்கா மாரீஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். ஜமாலும் அவன் பையன்களும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் ஷாலினி கோலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்ரார் இன்னும் நம்ப முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எதிர்ப்பக்கம்னுதானே சொன்னேன். நீ ஏன் அவன் பார்த்த பக்கமே பாய்ஞ்ச?"

"அவன் உன்னைப் பார்த்துச் சிரிச்சான். நீ எனக்குச் சொல்லியிருப்பன்னு அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. அதனால இன்னைக்கு மாத்தி அடிப்பான்னு தோணுச்சு."

அப்ரார் கோல் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ நான் இங்க உட்காராம இருந்திருந்தா?"

ஷாலினி கையுறையைக் கழற்றி அவன் மடியில் போட்டாள்.

"கோல்தான்!"